சீன மருந்தென்று நான் குடித்தது

மகன்,

நேசன் மாமாவின் செத்தவீடு முடிந்த நாளிலிருந்து நான் உன்னோடு கதைக்கவில்லை. நீ தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறேன். பொலோஞ்ஞாவில் புது ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரப் போகிறாய், பெட்டி அடுக்குகிறாய், போகமுதல் அவனோடு ஒரு வார்த்தை கதையுங்கோ என்று அம்மா என்னைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறா. நேரில் கதைத்தால் நான் கத்துவேன். கத்தினால் நீ "சரி அப்பா" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவாய். அந்தச் "சரி அப்பா"வைக் கேட்க எனக்கு இனிப் பொறுமை இல்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

இது எங்கள் கோயில் ஆண்டு மலரிலும் வரப் போகிறது. உன் பெயரும் என் பெயரும் இராது. நேசன் மாமாவின் பெயர் இருக்கும். அதைப் போடச் சொன்னது அவன் மனைவி பவானி மாமிதான். இத்தாலிக்கு வந்து பலெர்மோவில் ஈரல் வருத்தத்தை ஒளித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரும் எங்கள் ஆட்கள் என்னையும் நேசனையும் தவிர இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும். ஆகவே உனக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலில் இருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குப் பித்தப்பையில் கல்லென்று ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் ஹெப்படைட்டிஸ் பி இருப்பது தெரியவந்தது. சின்ன வயதிலேயே தொற்றியிருக்கலாம், இத்தனை வருடமும் சத்தமில்லாமல் ஈரலைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது, ஈரலில் தழும்பு விழத் தொடங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னா. இந்தக் கிருமி உடம்பை விட்டுப் போகாது, ஆனால் தினமும் ஒரு குளிசை போட்டால் அடங்கிக் கிடக்கும் என்றா. நான் ஒரு பியர்கூடக் குடியாதவன். ஆனால் ஈரல் வருத்தம் என்று வெளியில் சொன்னால் எங்கள் சனம் என்ன நினைக்கும் என்று உனக்குத் தெரியும். அம்மாவுக்கும் உனக்கும் மட்டும் சொன்னேன். மற்றவர்களுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில், பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் போகிறேன் என்று சொன்னேன்.

அப்படி ஒரு நாள் பொய் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருந்த இடத்தில், எதிர் வரிசையில் நேசன் இருந்தான். பல்லுப் பிடுங்கப் போகிறேன் என்று அவன் எனக்குச் சொல்லியிருந்தான். நான் கையிலிருந்த கடதாசியால் முகத்தை மறைத்தேன். பிறகு அவன் எழும்பி வந்து பக்கத்தில் இருந்து, "இஞ்சையோ பெர்மெஸ்ஸோ குடுக்கிறவை?" என்று கேட்டான். அந்த மண்டபத்தில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு நேர்ஸ் ஒருத்தி வந்து சத்தம் போட்டாள். அவனுக்கும் இதே வருத்தம். இதே குளிசை. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகவே போய் வந்தோம்.

நேசன் மாமா யாரென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நான் இந்த ஊருக்கு வந்தபோது அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவர்களில் அவனும் ஒருவன். அவன் வுச்சீரியாச் சந்தையில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்தான், நான் மாடிப்படி கழுவப் போனேன். எனக்கு லீவு கிடைக்காத நாளில் உன் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அவன் போனான். உன் ரீச்சர் அவனை உன் அப்பா என்று நினைத்து உன் குறும்பையெல்லாம் அவனிடம் முறையிட்டா. நீயும் திருத்தவில்லை, அவனும் திருத்தவில்லை. வீட்டுக்கு வந்து "உன்ரை மகனுக்காக நான் பேச்சு வாங்கினனான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அப்படிப்பட்டவன்.

குளிசை போட்டும் எனக்குக் களைப்புப் போகவில்லை. சரியாகச் சொன்னால், நான் ஒழுங்காகப் போடவும் இல்லை. ஒரு நாள் போடுவேன், இரண்டு நாள் மறப்பேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் போடுகிறேன் என்று சொல்வேன். அந்த நேரத்தில்தான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், துணிக்கடைக்குப் பின்னால் இருந்து வைத்தியம் பார்க்கும் சீனப் பெரியவரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். அவர் பேசுவதை அவருடைய மகள் அச்சொட்டான பலெர்மோ இத்தாலியனில் சொன்னாள். அவர் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நித்திரை வருகிறதா, கனவு வருகிறதா, அடிக்கடி கோபம் வருமா என்று கேட்டார். கோபம் குடியிருக்கும் இடம் ஈரல்தான் என்பது அவர்களுடைய வைத்தியமாம். நான் படி கழுவும் வீட்டுக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோராவும் கோபம் வந்தால் ஈரல் அரிக்கிறது என்றுதான் சொல்வா. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனது ஆறுதலாக இருந்தது. ஊரில் செங்கமாரி வந்து கண் மஞ்சளானால் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்த பிள்ளை நான். வேர், இலை, பட்டை என்று ஒருவர் சொன்னால் எனக்கு அது பிறத்தியாக இல்லை.

அந்தப் பெரியவர் இரண்டு விஷயம் தெளிவாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்தக் கூடாது. இந்தத் தூளைக் குடிப்பதை அங்கே டொக்டருக்குச் சொல்ல வேண்டும். முதலாவதைக் கேட்டேன். இரண்டாவதைச் செய்யவில்லை. டொக்டர் பேசுவா என்று பயம். அது என்னுடைய பிழை, அதற்கு உன்னை இழுக்க மாட்டேன்.

உனக்குச் சொன்னேன். நீ நேர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த புதுசு. கைத்தொலைபேசியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கலவையில் உள்ள ஒரு வேர் சில பேருக்கு ஈரலையே பழுதாக்குமாம் என்றாய். நான் ஏன், எப்படி என்று கேட்க வாயெடுக்கமுதல் "இது மூட நம்பிக்கை அப்பா, நீங்கள் படிச்சாத்தானே விளங்கும்" என்றாய். நான் கத்தினேன். ஓம், கத்தினேன். மாடிப்படி கழுவி உன்னைப் படிப்பித்தவனுக்கு நீ சொல்லும் சொல்லா அது? நீ எழும்பிப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நல்ல பிள்ளையாக வந்தாய். "நானே வாங்கி வாறன் அப்பா, உங்களுக்கு ஏன் அலைச்சல்" என்றாய். தூளைப் போத்தலில் போட்டு, மூடியில் ஒரு துண்டு ஒட்டி, எத்தனை கரண்டி என்று எழுதிக்கூடத் தந்தாய். காலையில் குளிசையையும் தூளையும் ஒன்றாக எடுத்தால் மறக்காது என்றும் சொன்னாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. பெடியன் விளங்கிக்கொண்டான் என்று நேசனிடம் பெருமை அடித்தேன். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறாமல், சுடுதண்ணீரில் அந்த மண்ணிறத் தூளைக் கரைத்துக் குடித்தேன், அதனோடு குளிசையும் போட்டேன். கசப்பாக இருந்தது. மருந்து கசக்கத்தானே வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

என் இரத்தப் பரிசோதனை திருந்தியது. டொக்டர் என் தோளில் தட்டினா. களைப்புக் குறைந்தது. வியா மக்வேதாத் தெரு முழுவதும் நடந்து போய் வந்தாலும் மூச்சு வாங்கவில்லை. நான் அவ்வளவு பெருமையையும் அந்தப் போத்தலுக்குக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேசன் மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். இல்லாமல் போக முடியாது. நான் போத்தலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, என்னை எழுப்பிவிட்டது இதுதான், குளிசையால் இவ்வளவு காலம் ஒரு மாற்றமும் இல்லை என்று சொன்னேன். நேசன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு உன்னைப் பார்த்தான்.

"தம்பி, நீ ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிறனி. நீ என்ன சொல்லுறாய்?"

நீ தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்துகொண்டு, "அப்பாவுக்கு ஒத்து வந்திருக்குத்தானே மாமா" என்றாய்.

இவ்வளவுதான் நீ சொன்னது. இதை நான் எத்தனை தரம் எனக்குள் திருப்பிக் கேட்டிருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

நேசன் அந்தச் சீனப் பெரியவரிடம் தானாகவே போய் அதே தூளை வாங்கினான். குளிசையை நிறுத்தாதே என்று அவர் அவனுக்கும் சொன்னவர்தான், பிறகு நான் போய்க் கேட்டேன். ஆனால் நேசன் நிறுத்திவிட்டான். குளிசை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முதலாளி முகத்தைச் சுளித்தானாம். எனக்குச் சுகம் வந்தது தூளால்தான், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெடியனும் அப்படித்தான் சொன்னான், பிறகென்னத்துக்குக் குளிசை என்று பவானியிடம் சொல்லியிருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை, வேலை நேரம் மாறிவிட்டது, இனி ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிறேன் என்று மட்டும் சொன்னான். சொன்னால் ஏசுவேன் என்று தெரியும். செத்துப்போனவன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மகன். உன் மேல் மட்டும் என்று நினைக்காதே.

கண் மஞ்சளாகியிருப்பதை முதலில் கண்டது அவனோடு குசினியில் வேலை செய்த ஒரு பெண்தான். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். வயிறு ஊதிவிட்டது. நாங்கள் போனபோது அவன் பவானியையே யார் என்று கேட்டான். குளிசையை நிறுத்தியதை அறிந்த டொக்டர், வேறு என்ன குடித்தவர், அதைக் கொண்டுவாருங்கள், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றா. பவானியின் வீட்டில் தூள் முடிந்து, பையையும் எறிந்துவிட்டார்கள். என்னிடம் அதே மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு ஓடினேன். நீ அந்த நேரம் அங்கேதான் நின்றாய். "அப்பா, நில்லுங்கோ" என்று ஒரு தரம் சொன்னாய். நான் நிற்கவில்லை.

போத்தலைக் கொண்டுவந்து டொக்டரின் கையில் கொடுத்தேன். அவ மூடியைத் திறந்து மணந்து பார்த்தா. திரும்பவும் மணந்தா. இது ஓர்சோ அல்லவா என்றா. பார்லியை வறுத்து அரைத்து, கோப்பிக்குப் பதிலாக இங்குள்ளவர்கள் கரைத்துக் குடிக்கும் தூள். பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து காலையில் குடித்தவ அவ, மணத்திலேயே பிடித்துவிட்டா. அவசரத்தில் போத்தல் மாறி எடுத்து வந்துவிட்டீர்கள் போல என்று அன்பாகத்தான் சொன்னா. நான் தேநீரும் கோப்பியும் தவிர வேறொன்றும் குடித்தறியாதவன். இல்லை டொக்டர், இதுதான் சீன மருந்து, என் மகன் வாங்கித் தந்தது, இவனைக் கேளுங்கள் என்று உன்னைக் காட்டினேன். நீ நிலத்தைப் பார்த்தாய்.

பிறகு அவவிடம் இத்தாலியனில், வேகமாக, எனக்கு விளங்கக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு வேகமாகச் சொன்னாய். அது ஓர்சோவும் சிக்கோரியும் கலந்தது, நான்தான் மாற்றி வைத்தேன், அப்பாவுக்குத் தெரியாது, நேசன் மாமா குடித்தது வேறு, உண்மையான மருந்து என்று. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இருபது வருடத்துக்கு மேலாக இவர்கள் வீட்டுப் படிகளைக் கழுவுகிறேன். என்னை முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பற்றி இவர்கள் கதைப்பதையெல்லாம் விளங்காதவன் மாதிரி நின்று கேட்டுப் பழகியவன் நான். நீயும் அந்த வரிசையில் போய் நின்றாய்.

அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. அந்த இரக்கத்தை நான் மறக்க மாட்டேன்.

வெளியே வந்த பிறகு, "உங்களைக் காப்பாத்தத்தான் செய்தனான்" என்றாய். "சொல்லியிருந்தா நீங்கள் கேட்டிருப்பியளோ?" என்றும் கேட்டாய். அம்மாவும் வீட்டில் அதையே சொன்னா. "அவன் உங்களுக்காகத்தானே செய்தவன்" என்றா. எனக்காகத்தான் செய்தாய். அதை நான் மறுக்கவில்லை. அந்த வேர் என் ஈரலைக் கெடுத்திருக்கலாம். நான் இன்று நடமாடுவதற்கு நீ ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நேசன் போய்விட்டான். டொக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். குளிசையை நிறுத்தியதால் அடங்கிக் கிடந்த கிருமி ஒரேயடியாக எழும்பிவிட்டது, அதுதான் முக்கிய காரணம், தூளும் சேர்ந்து கெடுத்ததா என்று தன்னால் சொல்ல முடியாது என்றா. எனக்குச் சுகம் வந்தது எதனால் என்றும் கேட்டேன். ஒழுங்காகக் குளிசை போட்டதால் என்றா. தூளோடு சேர்த்து எடுக்கச் சொல்லி நீ பழக்கியதால்தான் நான் ஒழுங்காகப் போட்டேன். இந்த உண்மையை அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைத்து நீ சொல்லியிருக்கலாம். நான் போத்தலை உன் தலையில் எறிந்திருப்பேன். எறிந்திருக்கட்டும். நேசன் குளிசையை விட்டிருக்க மாட்டான்.

உன்னை நேர்ஸ் என்று நம்பி ஒருவன் கேட்டான். நீ ஒரு மகனாகப் பதில் சொன்னாய், அதுவும் அப்பாவிடம் அகப்படாமல் இருக்க. இதுதான் என் கோபம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது நான் உன்னை பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் கந்தோருக்கு, க்வெஸ்தூராவுக்குக் கூட்டிப் போவேன், மொழிபெயர்க்க. ஒரு நாள் அந்த அதிகாரி ஏதோ கேட்டார், நீ என் பக்கம் திரும்பாமலேயே பதில் சொல்லிவிட்டாய். என்ன கேட்டவர் என்று கேட்டேன். "அது உங்களுக்குத் தேவையில்லை அப்பா, நான் சொல்லிட்டன்" என்றாய். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. வழியெல்லாம் உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன். அன்று நடுத்தெருவில் நிறுத்தி, எனக்கு எது தேவை எது தேவையில்லை என்று நீ முடிவெடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

பொலோஞ்ஞாவிலும் என்னைப் போல ஆட்கள் வருவார்கள். வங்காளத்தான் வருவான், ஆபிரிக்கன் வருவான், சிசிலியக் கிழவன் ஒருவன் தன் மகன் வாங்கித் தந்த ஏதோ வேரைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வருவான். அவனிடம் கேள். சிரிக்காமல் கேள். அவன் சொல்வதை முழுதாகக் கேட்ட பிறகு உனக்குத் தெரிந்ததை அவன் முகத்தைப் பார்த்துச் சொல். கத்தினால் கத்தட்டும். நாளைக்குத் திரும்பச் சொல். நான் முதல் தரம் கத்தினேன், இரண்டாம் தரமும் கத்தியிருப்பேன், அதற்கடுத்த தரம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து கேட்டிருப்பேன். நீ ஒரு தரம்தான் சொன்னாய். அதுவும் எனக்கு மூளை இல்லை என்பது போலச் சொன்னாய்.

நம்பவில்லையென்றால் இதைக் கேள். போன கிழமை அந்தச் சீனப் பெரியவரிடம் போய், அந்தத் தூளில் சேரும் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு வாங்கினேன். நேசன் போய்விட்டான் என்று நான் சொன்னதும் அவர் இருந்த இடத்தை விட்டு எழும்பி நின்றார். நான் சண்டைக்குத்தான் போனேன், ஆனால் அவரோடு சண்டை பிடிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பெயர்களைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி டொக்டரின் மேசையில் வைத்தேன். அவ ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தா. சிலவற்றைத் தனக்குத் தெரியாது என்றா, ஒன்றின் பெயரில் விரலை வைத்து, உங்கள் ஈரலுக்கு இது வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னா. நான் விவாதித்தேன். அவவும் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியில் ஆட்கள் காத்திருந்தார்கள், அவ எழும்பவில்லை. கடைசியில் சரி என்றேன். எனக்கு விளங்கியது, மகன். எனக்கு விளங்கும்.

பிறகு பவானி மாமியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், என் பங்கையும் உன் பங்கையும். அவ அழவில்லை. சட்டியில் ஏதோ அடிப்பிடித்து மணத்தது, அடுப்பை நிறுத்திவிட்டு வந்து திரும்ப இருந்தா. இதை எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுதுங்கோ. அவரின்ரை பெயரையும் போடுங்கோ. குடிச்சுச் செத்தவர் எண்டு ஆக்கள் கதைக்கினம்" என்றா.

பிறகு, "அண்ணை, தம்பி ஏன் வரேல்லை?" என்று கேட்டா.

உனக்காக நான் ஒரு பதில் செய்து கொடுப்பதாக இல்லை. உன்னை மன்னிப்பாவா என்று நான் கேட்கவும் இல்லை, அவ சொல்லவும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வீட்டில்தான் இருப்பா என்று மட்டும் சொன்னா. உன் ரயில் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை போ. நான் வர மாட்டேன், அம்மாவையும் அனுப்ப மாட்டேன். போய்விட்டு வந்தால் என் மேசையில் உனக்குச் சாப்பாடு இருக்கும். போகாமல் ரயில் ஏறினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது, ஆகவே பயமுறுத்த மாட்டேன்.

சந்தைக்குப் பின்னால், மீன் கடைக்கு எதிர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி. நேசன் போனதிலிருந்து அந்த வீட்டு மணியைத் திருத்த ஆளில்லை. ஒழுங்கையில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட வேண்டும். மெதுவாகக் கூப்பிட்டால் கேட்காது.

அப்பா